என் மகள் எடுத்த வீடியோ

அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்த என் மகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று டீச்சர் போனில் கூப்பிட்டபோது நான் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு யாரோ கெடுதல் செய்துவிட்டார்கள் என்று நினைத்துப் பதறி ஓடினேன்.

டீச்சர் ஒரு வீடியோவைக் காட்டினார். அதே வகுப்பில் படிக்கும் ஒரு பெண், எங்கள் மலையிலேயே வாசலூர்பட்டிக்காரி, திக்கிப் பேசுவாள். அவளைக் கழிப்பறைச் சுவரோரம் நிறுத்தி, பெயரைச் சொல்லச் சொல்லிச் சில பெண்கள் சிரிக்கிறார்கள். முதல் எழுத்தைத் தாண்ட முடியாமல் அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது. வீடியோ எடுத்தது என் மகள். வீட்டுப் போனை ஒளித்து எடுத்துப் போயிருக்கிறாள். அவள் முகம் தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது: "சொல்லித் தொலை. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மூணு மாசமா நடந்திருக்குதுங்க. பாத்த புள்ளைங்க ஒண்ணுகூட எங்ககிட்டச் சொல்லல. பத்து நாளா அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கே வரலீங்க" என்றார் டீச்சர்.

"வாயில என்ன கொழுக்கட்டையா?" அது என்னுடைய வார்த்தை. என் கொழுந்தனார் எங்களோடுதான் இருக்கிறார். சின்ன வயதில் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்குப் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். சோறு கேட்க அவர் திணறும்போதெல்லாம் நான் அப்படித்தான் சொல்வேன். எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். அதனால் அதை விளையாட்டு என்றே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளை அறைந்தேன். இரண்டாவது முறை கையை ஓங்கியபோது அவள் அழுதுகொண்டே, "நீ சித்தப்பாவச் சொல்றப்ப எல்லாரும் சிரிச்சீங்கல்லம்மா" என்றாள். எதிர்த்துப் பேசவில்லை, புரியாமல்தான் கேட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த கொழுந்தனார் காதிலும் அது விழுந்தது. எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

"புள்ளைங்க விளையாட்டு, அதுக்குப் போயி யார் கால்லயும் விழ வேண்டாம்" என்று வீட்டுக்காரர் தடுத்தார். மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க மகளைக் கூட்டிக்கொண்டு வாசலூர்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

அந்தப் பெண்ணின் அம்மா வாசலில் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"உள்ள வராதீங்க. ஆளுங்க சத்தம் கேட்டாவே கட்டிலுக்கடியில போயிருது" என்றார். "எங்கிட்ட மட்டுமாச்சும் பேசிட்டிருந்துச்சுங்க. இப்ப அதுவும் இல்ல. பசிச்சா வயித்தத் தொட்டுக் காட்டுது."

என் மகள் தேம்பி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"அழுகாத கண்ணு. நீ அழுகறதையும் சேத்துத் தாங்க எங்கிட்டத் தெம்பு இல்ல. போயிரு சாமி."

வந்துவிட்டோம். அந்தப் பெண் பள்ளிக்குத் திரும்பவே இல்லை. மலைக்குக் கீழே சொந்தக்காரர் வீட்டில் விட்டிருக்கிறார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பேசுகிறாளா என்று யாரிடம் கேட்பது? என் மகள், யார் யாருக்கு அந்த வீடியோவை அனுப்பினாள் என்று டீச்சரிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அழிக்கச் சொன்னார்கள். எத்தனை போனில் இன்னும் இருக்கிறதோ தெரியாது. அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் டீச்சர்கள் முறை வைத்துக் கழிப்பறைப் பக்கம் நிற்கிறார்கள்.

கொழுந்தனாரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க அண்ணி" என்று சொல்லி முடிக்க அவருக்கு நேரமானது. காத்திருந்தேன். ஆனால் அன்றிலிருந்து அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

மகள் இப்போது பதினொன்றாம் வகுப்பு. திருந்திவிட்டாளா என்று கேட்டார் தெரிந்தவர் ஒருவர். வீட்டில் யாரையும் கேலி செய்வதில்லை, அது எனக்குத் தெரியும். வெளியில் எப்படி என்பதற்கு அவள் வார்த்தையை மட்டும் நம்புவதில்லை. மாதம் ஒருமுறை பள்ளிக்கூடம் போய், அவளுக்கு என்ன நடந்தது என்பதோடு, அவள் என்ன செய்தாள் என்பதையும் விசாரித்துவிட்டு வருகிறேன்.