கொழுந்து மெஷினில் என் பக்கம்

குளிரில் பல் கிட்டிப்போகிற இந்த மலையில், மலத்தோடு ரத்தம் போனதற்கு உடம்புச் சூடுதான் காரணம் என்று நம்பியவன் நான். பிரிஞ்சாங் டவுனில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்காரரும் அதையே சொன்னார். "மூலமா இருக்கும்ணே. சம்பல் காரத்தக் கொறைங்க, வெந்தயத்த ஊற வச்சிக் குடிங்க, சரியாயிடும்லா." குடித்தேன். சரியாகவில்லை. சில நாள் வயிறு கல்லாக இறுகிக் கிடக்கும். சில நாள் தேயிலைச் செடி மறைவுக்கு ஓட வேண்டியிருக்கும். போய்விட்டு வந்தாலும் முழுதாகப் போன திருப்தி இருக்காது. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. வயசாகிறது என்று பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டேன்.

எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுவது மெஷினில்தான். செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், செடிக்கு மேலே மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி நடக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் பல வருஷமாக ஒரு பங்களாதேஷ்காரன். தமிழை என்னிடம்தான் கற்றான். மனைவி போய்ச் சேர்ந்து, மகளும் கோலாலம்பூரில் குடியேறிய பிறகு, இந்த லைன் வீடுகளில் என்னோடு தமிழில் பேச மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும். உள்ளங்கை வெளுத்திருந்தது. ஆனாலும் மெஷின் மட்டும் கனக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது. கடைசியில் ஒருநாள் நிரையிலேயே மயங்கி விழுந்தேன். கீழே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெருங்குடலில் புற்றுநோய். கட்டியை வெட்டி எடுத்து, வயிற்றின் இடப்பக்கம் ஒரு வழி வைத்து, மேலே பையை ஒட்டிவிட்டார்கள். மலம் தன் இஷ்டத்துக்கு அதில் வந்து இறங்குகிறது, என்னைக் கேட்பதில்லை. ஆள் இருக்கும்போது சத்தம் வேறு. அதனால் யார் வீட்டுக்கும் நான் போவதில்லை. என் வீட்டுக்கும், எப்போதாவது அவன் எட்டிப் பார்ப்பதைத் தவிர, யாரும் வந்து குவிந்துவிடவில்லை.

கனம் தூக்கினால் அந்த வழியில் குடல் பிதுங்கும் என்றார்கள். எனக்கோ வேலைக்குத் திரும்பாவிட்டால் பேச்சுக்கு ஆளில்லை. போன மாதம் ஒரு காலை மலைக்குப் போய் என் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்தேன். மெஷின் முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. வயிற்றில் சுரீரென்றது. அவன் பதறி இறக்கி வைத்தான்.

"எப்பலேர்ந்துடா இது இவ்ளோ கனம்?"

"எப்பவும் இதே கனம்தான் அண்ணே. நீங்க விழறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே, உங்க பாரத்தயும் நான்தான் தூக்குனேன். கைய மெஷினோட நடுப்பக்கமா தள்ளிப் புடிச்சுக்குவேன்."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா கங்காணி உங்கள நிறுத்திருவாருலா. வீட்ல தனியா உக்காந்திருப்பீங்க."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. முன்பே வந்திருந்தால் ஈரல் வரைக்கும் பரவியிருக்காது என்று டாக்டர் சொன்னதை அவனிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், தன்னால்தான் என்று நினைத்து அவன் என்னைப் பார்க்க வரமாட்டான்.