கம்பிக்கு வெளியே போன பெல்ட்

அவள் வீட்டை விட்டுப் போனது திமிரால் இல்லை. எத்தனை தடவைதான் சொல்வது? மருந்துக்கடை வாசலில் எதிர்வீட்டுக்காரி பேசினாளாம்: "பொம்பளை கையில வண்டியைக் கொடுத்தா இப்படித்தான். வண்டியையும் கவுத்தா, குடும்பத்தையும் கவுத்தா." என் மருமகள் எதையும் கவிழ்க்கவில்லை. அவளைப் பற்றிப் பேசினால் நான் பெற்றவனைப் பற்றியும் பேச வேண்டிவரும். பரவாயில்லை, பேசுகிறேன். ஒரு தடவை வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததே போதும்.

அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியில். கட்டடத்தைச் சுற்றி நாலு பக்கமும் புல்தரை. இலை கூட்டத்தான் சேர்ந்தாள். புல் வெட்டுகிறவர் வேலையை விட்டுப் போனதும் இவள் புல் வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். அந்த வண்டிக்கு ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிதான். இரண்டையும் முன்னால் தள்ளினால் ஓடும். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும். ஒரே வாரத்தில் அவளுக்குக் கைவந்துவிட்டது. மரத்தை ஒட்டி வெட்டினாலும் பட்டையில் ஒரு கீறல் விழாது. "என்னையே நின்ன இடத்துல சுத்த விடுறவம்மா, வண்டி எம்மாத்திரம்" என்று என் மகன் சிரிப்பான். அதே ஆஸ்பத்திரியில் வண்டிகளைப் பழுது பார்க்கிற ஷெட்டில்தான் அவனுக்கும் வேலை. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வண்டியை ஓட வைப்பதே அடியில் இருக்கிற ஒரு ரப்பர் பெல்ட்தான். வருஷத்துக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். மாற்றுவது இரண்டு ஆள் வேலை. ஸ்பிரிங் போட்ட சக்கரம் ஒன்று பெல்ட்டை எப்போதும் விறைப்பாக வைத்திருக்கும். ஒருவர் அந்தச் சக்கரத்தைக் கயிறு கட்டி இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த நேரத்தில் மற்றவர் பெல்ட்டை ஒரு சின்னக் கம்பிக்கு உள்பக்கமாக நுழைக்க வேண்டும். பெல்ட் நழுவாமல் இருக்க வைத்த கம்பி அது. ஐந்து வருஷமாக இவள் இழுப்பாள், அவன் நுழைப்பான். "இழு", "இன்னும் கொஞ்சம்", "விடு". மூன்றே பேச்சில் முடிந்துவிடும் என்பாள்.

ஆறு வருஷமாக அவள் தற்காலிகம்தான். அவன் ஒன்பது வருஷமாக. ஒரு நாள் சூப்பர்வைசர் ஷெட்டில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "அடுத்த மாசம் உனக்கு நிரந்தர ஆர்டர் வந்துடும்மா. வேலைன்னா உன்னை மாதிரி செய்யணும்." கேட்டுக்கொண்டு நின்றவர்களில் என் மகனும் ஒருவன். வீட்டுக்கு வந்தவன் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். ஒன்பது நாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் வலியப் போய்ப் பேசுகிறவள் இல்லை.

பெல்ட் மாற்ற வேண்டியது அந்த ஒன்பதாம் நாள்தான். அவள் இருபதடி தள்ளி நின்று பிளேடுக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தாள். "வந்து இழு" என்று கூப்பிட இவனுக்கு வாய் வரவில்லை. தனியாகவே போட்டான். சக்கரத்தை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லாமல் கம்பிக்கு உள்ளே நுழைக்க முடியாது. கம்பிக்கு வெளியே விட்டு மாட்டிவிட்டான். எஞ்சினைப் போட்டால் ஓடத்தான் செய்யும். கம்பியில் உரசி உரசி, தேய்கிறவரைக்கும்.

மறுநாள் குளத்துப் பக்கச் சரிவில் பெல்ட் அறுந்தது. அறுந்துவிட்டால் கைப்பிடி இரண்டும் செத்த கை மாதிரி. கை பிரேக்கை இழுத்திருக்கிறாள். அது நிற்கிற வண்டியைப் பிடிப்பதற்கு வைத்தது, உருளுகிற வண்டியை என்ன செய்யும்? வண்டி போய்ச் சிமெண்ட் பெஞ்சில் மோதி முன்பக்கம் நசுங்கியது. கடவுள் புண்ணியத்தில் பெஞ்சில் யாரும் இல்லை. இவளுக்கு முழங்கை பிசகியது.

சூப்பர்வைசர் விசாரித்தார். "பெல்ட்டெல்லாம் சரியாத்தான் சார் போட்டேன். சரிவுல வேகமா விட்டிருப்பா" என்றான் என் மகன். பொண்டாட்டி பக்கத்தில் நிற்கிறாள், அவளை வைத்துக்கொண்டே சொன்னான்.

இரண்டு நாள் கழித்துப் புது பெல்ட் போட, சூப்பர்வைசர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். வீங்கின கையோடு இவள் கயிற்றை இழுத்துப் பிடித்தாள். அவன் பெல்ட்டை எடுத்தான். கம்பிக்கு உள்பக்கமாக, அழகாக நுழைத்தான். "அத்தே, கம்பியில உரசின தடம் பளபளன்னு இருந்துச்சு. அவரும் பார்த்தாரு, நானும் பார்த்தேன். அவரு என் மூஞ்சியைப் பார்க்கல" என்றாள்.

"ஆபீஸ்ல போய்ச் சொல்லட்டுமா?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சொன்னா அவன் வேலை போயிடும். கொஞ்சம் பொறுத்துக்கோ. அவனே போய்ச் சொல்லிடுவான். என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" தெரியவில்லை. அவளாவது தன் வாயால் சொல்லியிருப்பாள். தடுத்தவள் நான். எதிர்வீட்டுக்காரிக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ளட்டும்.

ஆர்டருக்குப் பதிலாக வேறு ஒரு காகிதம் வந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. அவளே படித்துக் காட்டினாள். கவனக்குறைவு என்று போட்டிருந்ததாம். நிரந்தரம் இல்லை, இனி வண்டியில் ஏறக்கூடாது, பழையபடி இலை கூட்டலாம். வண்டியை என் மகனிடமே கொடுத்தார்கள். அவன் வெட்டிப்போட்ட புல்லை இவள் பின்னாலேயே கூட்டிக்கொண்டு போனாள். மரத்துக்கு மரம் பட்டையைச் சீவி வைத்திருந்தான். அதைச் சொல்லித்தான் ஒரு தடவை அழுதாள். தனக்காக அழவில்லை.

மூன்று மாதம் பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கு சூப்பர்வைசர்கிட்ட சொல்றீங்களா?"

"என்னத்தைச் சொல்றது?"

"உங்களுக்குத் தெரியும்."

"முடிஞ்சு போன கதை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து."

ஊற்றினாள். அவன் கை கழுவிய பிறகு தட்டையும் கழுவி வைத்தாள். உள்ளே போய்ப் பையோடு வந்தாள். அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அக்காவோ ஒற்றை அறையில் நாலு பேரோடு கிடக்கிறவள். அந்த ஊரில் வேலை எதுவும் பார்த்து வைக்கவில்லை. கவனக்குறைவு என்று காகிதம் வாங்கினவளை எங்கே வண்டியில் ஏற்றுவார்கள்? அதுவும் தெரிந்துதான் போனாள்.

அவன் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

நான் வாசல்வரை போனேன். இரு என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. "கையைப் பார்த்துக்கோ, கனமாத் தூக்காதே" என்றேன். "சரிங்கத்தே" என்று சொல்லிவிட்டு, வலிக்காத கைக்குப் பையை மாற்றிக்கொண்டு படியிறங்கினாள்.