இரண்டு நூலா, மூன்று நூலா

நம்பாத வண்டியில் கணவரை மட்டும் அனுப்பிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறியவளை என்னவென்று சொல்வது? ஒரு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள், செய்தது சரி என்று தோன்றுகிறது. சில நாள், அன்றைக்கு அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என் மகன் பெரியவனாகிக் கேட்கும்போது என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்து, அடுப்பில் வைத்த பாலை மறந்து நின்றுவிடுகிறேன்.

எங்களுக்கு நாமக்கல் பக்கம். கரும்பும் கடலையும் போடுகிற குடும்பம். என் கணவருக்கு வண்டி என்றால் உயிர். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துவந்த வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் காரை இவர் வாங்கி வந்தார். பச்சை வண்டி. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. தரையோடு படிந்து கிடக்கும். அதில் ஏறுவதில்லை, இறங்க வேண்டும். என் மாமியார் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மகனிடம், "ஏஞ்சாமி, மேல்பாதி எப்ப வரும்?" என்று கேட்டார்.

வந்த இரண்டாம் மாதமே டயர் தேய்ந்துவிட்டது. அதே அளவு டயர் சேலத்திலும் இல்லை, கோயம்புத்தூரிலும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருவது நின்று போயிருந்தது. கடைசியில் சாதாரணக் காருக்குப் போடுகிற, கொஞ்சம் அகலமான டயரை வாங்கி மாட்டினார். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன்சக்கர டயர் உள்பக்கமுள்ள இரும்புக் கம்பியில் உரசியது. வேறு சக்கரம் போட்டுவிடலாம் என்று பலர் சொன்னார்கள். வண்டியோடு வந்த கம்பெனிச் சக்கரத்தை மாற்ற மாட்டேன் என்று இவர் பிடிவாதமாக இருந்தார். அப்படியானால் ஒரே வழிதான். சக்கரம் போய் உட்கார்கிற குடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு வட்டத் தகட்டை வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ள வேண்டும். வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் அதற்கு ஸ்பேசர் என்று போட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் அதைப் பெரிய வாசர் என்றார்.

லாரிக்கு வேலை செய்து செய்து கை காய்த்துப்போன மனிதர் அவர். ஒரு நாள் காலையில் சாக்குப் பையோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். மூன்று கனத்தில், கனத்துக்கு இரண்டாக, ஆறு தகடுகள் கடைந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் சென்டிமீட்டர் வந்துவிட்டாலும் பட்டறையில் அரைக்கால் அங்குலத்துக்கு ஒரு நூல் என்றுதான் கணக்கு. இரண்டு நூல், மூன்று நூல், நாலு நூல்.

"எது வேணுமோ போட்டுக்கங்க சின்னவரே. வெளிய தள்ளத் தள்ள வண்டி பாக்கறதுக்கு ஜம்முன்னு நிக்குமுங்க" என்றார்.

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அம்மிணி பி.யு.சி. படிச்சிருக்குது. அதையே கேப்போம்."

கேலிதான். ஆனால் எனக்குக் கேலியை விட்டுவிடத் தெரியாது. பதிலில்லாமல் போனால் இரண்டு நாள் உறுத்தும். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தகடு இல்லாமல் ஒரு நட்டைக் கையால் திருகச் சொல்லி எண்ணினேன். பதினொரு சுற்று. இரண்டு நூல் தகட்டை வைத்தால் ஆறு சுற்றுதான் ஏறியது. மூன்று நூலுக்கு மூன்றரை. நாலு நூலை வைத்தபோது நட்டு ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. பட்டறைக்காரரே சிரித்துக்கொண்டு அதைச் சாக்குக்குள் போட்டுவிட்டார்.

தகடு கனக்கக் கனக்க, போல்ட்டில் நட்டுக்கு மிஞ்சுகிற மரை குறைகிறது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த மரைகள்தானே? ஆனால் மறுபக்கமும் இருந்தது. இரண்டு நூல் தகட்டில் டயருக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு போஸ்ட் கார்டுதான் நுழைந்தது. மூன்று நூலில் என் சுண்டுவிரல் நுழைந்தது.

"ரெண்டு நூலே போதுங்க" என்றேன்.

"ஆள் ஏறுனா வண்டி எறங்குமே. அப்ப உரசாதா?" என்று கேட்டார் என் கணவர்.

"உரசுனா சத்தம் கேக்கும். நட்டு கழண்டா சத்தம் கேக்காதுங்க."

எங்கிருந்து அந்தப் பதில் வந்தது என்று தெரியவில்லை. அவர் இரண்டு நூல் தகட்டையே மாட்டச் சொன்னார். அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது. சாயங்காலம் பையனுக்குச் சோறு ஊட்டும்போது பயம் வந்தது. சரியாகத்தான் சொன்னேனா? ஆறு சுற்று போதும் என்று எந்தப் புத்தகத்தில் படித்தேன்? எதிலும் இல்லை. மூன்றரையைவிட ஆறு பெரியது, அவ்வளவுதான்.

ஏற்காட்டில் என் அக்கா இருந்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குழந்தையைப் பார்க்கப் புறப்பட்டோம். பையனுக்கு அப்போது ஒன்றேகால் வயது. என் மடியில் உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்க அடிக்க வாயைத் திறந்து சிரித்துக்கொண்டு வந்தான். சேலம் வரை ஒரு சத்தமும் இல்லை. அஸ்தம்பட்டி தாண்டி மலைரோட்டைப் பிடித்தோம். முதல் கொண்டை ஊசி வளைவில் என் காலுக்கடியில் அது கேட்டது. சரக்கென்று, துணி கிழிவதுபோல.

அவர் வண்டியை நிறுத்தவில்லை. இரண்டாவது வளைவில் மறுபடியும். மூன்றாவதில் ரப்பர் கருகும் வாசனை வந்தது. ஐந்தாவது வளைவு தாண்டி, ரோட்டோரம் கொஞ்சம் அகலமாக இருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்க."

"இன்னும் பதினஞ்சு வளைவு இருக்குது" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தார். பையனின் துணிப்பைக்குக் கீழே, சாக்கில் சுற்றி, மூன்று நூல் தகடு இரண்டும் இருந்தன. என் பேச்சைக் கேட்டுத்தான் வந்தார் என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டே மறு யோசனையும் எடுத்து வைத்திருக்கிறார்.

பின்சக்கரங்களுக்குக் கல் அண்டைகொடுத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, தகட்டை மாற்றினார். நான் குழந்தையோடு ரோட்டில் நின்றுகொண்டு சுற்றுகளை எண்ணினேன். மனசுக்குள் எண்ணுவதாக நினைத்தேன், வாய்விட்டே எண்ணியிருக்கிறேன். மூன்றரை. எல்லா நட்டுக்கும் மூன்றரைதான். இரண்டு சக்கரத்தையும் முடிக்கும் நேரத்தில் மேலிருந்து மர லோடு ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏனுங்ணா, வண்டி மக்கருங்களா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் இறங்கினார். இவர் விஷயத்தைச் சொன்னார். டிரைவர் குந்தி உட்கார்ந்து, டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவினார். விரல்நுனி கறுப்பாக வந்தது. டயரைச் சுற்றிக் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு விழுந்திருந்தது.

"இந்தக் கோடு ஆகாதுங்ணா. வளைவுல வெடிச்சுதுன்னா பள்ளத்துலதான் போய் நிக்கோணும். மூணு நூலே இருக்கட்டும்."

"மூணரைச் சுத்துதான் நட்டு ஏறுதுங்க" என்றேன்.

அவர் என்னையும் குழந்தையையும் பார்த்தார். "அம்மிணி எண்ணிட்டிருக்கறாங்களா? என்ற ஊட்டுக்காரி நான் குடிக்கற பீடியத்தான் எண்ணுவா." இருவரும் சிரித்தார்கள். "நல்லா இறுக்கிப்போட்டா மூணு சுத்தே போதுங்க அம்மிணி. இதென்ன லோடு வண்டியா?"

"உங்க லாரிச் சக்கரத்துல எத்தன போல்ட்டுங்க?"

"எட்டுங்க."

"இதுல நாலுதானுங்க."

"அது வேறைங்க" என்றார். ஆனால் எப்படி வேறு என்று சொல்லவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் ஜாக்கியை எடுத்து வைத்துவிட்டு வண்டியில் இறங்கி உட்கார்ந்தார். "ஏறு அம்மிணி. நேரமாச்சு."

"நான் ஏறலீங்க."

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால். குரல் எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது. பையன் அப்பாவைப் பார்த்துக் கையை நீட்டினான். அவனை இறுக்கிக்கொண்டேன்.

"அப்ப நான் மட்டும் போனாப் பரவாயில்லையா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். லாரி டிரைவர் சிரிக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே வளைவில் ஏற்காடு பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அது மேலே வந்ததும் கையைக் காட்டினேன். நின்றது. ஏறிக்கொண்டேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நீங்களும் பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பஸ் இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் அப்படி ஒரு வழி இருந்ததே எனக்குத் தோன்றியது. அதற்குள் அவர் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒவ்வொரு வளைவிலும் எங்கள் தலைக்கு மேலே உள்ள ரோட்டில் பச்சை வண்டி பக்கவாட்டில் தெரியும். ஒரு வளைவில் இடது சக்கரம் தெரியும், அடுத்ததில் வலது. சக்கரம் நேராகச் சுற்றுகிறதா, ஆடுகிறதா என்று பார்ப்பேன். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது எல்லாமே ஆடுவதாகத்தான் தெரிந்தது. பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மா, "மயக்கமா கண்ணு? எலுமிச்சம்பழம் தரட்டுமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் எனக்கு முன்னால் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, வாசலில் நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தார். "பாத்தயா, முழுசா வந்துட்டேன்" என்றார். அவர் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பையனுக்குக் கார் காட்டுவதாகச் சொல்லி வெளியே வந்தேன். நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தேன். வலது சக்கரத்தில் நாலும் கல்லாக இருந்தன. இடது சக்கரத்தில் மூன்று அசையவில்லை. நாலாவது என் விரலுக்கே கால் சுற்றுத் திரும்பியது.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அக்கா வீட்டுக்காரர் முன்னால் சொல்லவேண்டாம் என்று நினைத்தேன். சொன்னால் நான் ஜெயித்ததாக ஆகிவிடுமோ என்றும் இருந்தது. பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, என்னால் முடிந்த மட்டும் இறுக்கிவிட்டு, கையை உள்பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்காவின் குழந்தையை மடியில் வாங்கும்போதும் விரல் கிரீஸ் நாறியது.

மறுநாள் காலை, மலையிறங்கப் புறப்படும்போதுதான் நட்டு தளர்ந்திருந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நேத்தே ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டார். பிறகு மூன்று நூலைக் கழற்றி, திரும்ப இரண்டு நூலையே போட்டார். இந்தத் தடவை நானும் பையனும் அவரோடுதான் இறங்கினோம். நடையாக நடப்பதுபோல ஓட்டினார். இருபது வளைவிலும் டயர் உரசியது. ஒவ்வொரு உரசலுக்கும் நான் கண்ணை மூடினேன். பையன் மட்டும் அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டிக்கொண்டே வந்தான்.

அதிலிருந்து வண்டி கொட்டகையில் நிற்கிறது. போன வாரம் பட்டறைக்காரர் வந்து ஒரு யோசனை சொன்னார். முன்சக்கரங்களின் குடம் இரண்டிலும் இருக்கிற எட்டு போல்ட்டையும் எடுத்துவிட்டு, நீளமாக எட்டு போல்ட் கடைந்து போடலாம். அப்போது மூன்று நூல் தகட்டிலும் பதினொரு சுற்று கிடைக்கும் என்கிறார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அவரிடம் இரண்டு இரும்பு இருக்கிறது. ஒன்று, பழைய லாரி ஆக்ஸில். கெட்டியான இரும்பு, கடைவதற்கே கஷ்டம் என்கிறார்; ஆனால் எத்தனை வருஷம் எத்தனை லோடு தாங்கியது என்று தெரியாது. மற்றது, கடையில் வாங்கிய புதுக் கம்பி. சுலபமாகக் கடையலாம், இறுக்கும்போது இழுபடும் என்று இன்னொரு மெக்கானிக் பயமுறுத்துகிறார்.

என் கணவர் இந்தத் தடவையும், "நீயே சொல்லு" என்கிறார். இப்போது கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயம்.

சுற்றுகளை எண்ண எனக்குத் தெரியும். இரும்பைப் பார்த்து அது தாங்குமா, முறியுமா என்று சொல்லத் தெரியாது. படிக்கிறவர்களில் பட்டறையிலோ மோட்டார் வேலையிலோ உள்ளவர்கள் யாராவது இருந்தால், பழைய ஆக்ஸிலா புதுக் கம்பியா என்று தயவுசெய்து எழுதுங்கள். இரண்டுமே கூடாது, வண்டியை விற்றுவிடு என்றாலும் எழுதுங்கள்; அதை அவரிடம் படித்துக் காட்டுகிறேன். பதில் வரும்வரை வண்டியை எடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் நேற்றுச் சாயங்காலம் பையனை அதில் உட்காரவைத்து ஹாரன் அடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள்.