பூவராகவனுக்கு மார்பில் வந்த நோய்

பிள்ளையார்பாளையத்துப் பூவராகவன் வாரத்தில் ஆறு நாள் தறியில் உட்காருவார். திருவிழா வந்தால் பெருமாளைத் தோளில் சுமப்பார். பல்லக்குத் தண்டு அழுத்தி அழுத்தி வலது தோள் காய்த்துப்போயிருந்தது. அதன் ஓரத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. அதுவும் பெருமாள் கொடுத்ததுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1971-ல் அது உடைந்து ரத்தம் தறியில் சொட்டிய பிறகுதான் மனைவி லோகாம்பாள் அவரை இழுத்துக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து துளி வெட்டிச் சோதித்தார்கள். சின்ன டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"புற்றுநோய். மார்பகத்துல ஆரம்பிச்சு தோளுக்குப் பரவியிருக்கும் போல."

"எனக்கா சார்?"

"ஆம்பளைங்களுக்கும் வரும்யா. அபூர்வம்."

மார்பகப் புற்றுநோய்ப் பிரிவு பெண்கள் வார்டில் இருந்தது. நாற்பது பெண்களுக்கு நடுவே நெற்றி நிறைய நாமத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் எட்டிப் பார்த்து, "பூவராகவன் சம்சாரம் யாரும்மா?" என்றாள். லோகாம்பாள் எழுந்து உள்ளே போனாள். ரவிக்கையைக் கழற்றச் சொன்னபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

"எனக்கில்லம்மா, அவருக்குத்தான் மார்ல கேன்சரு!" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தாள். நாற்பது தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

மார்பில் ஒன்றுமில்லை. அப்படியானால் வேறெங்கிருந்தோ வந்திருக்க வேண்டுமென்று நுரையீரலைப் படம் பிடித்தார்கள். வெள்ளை மாவைக் கரைத்துக் குடிக்கவைத்து வயிற்றைப் பார்த்தார்கள். "இங்க இல்ல" என்று கேட்கும்போதெல்லாம் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏழாவது வாரம், வெட்டியெடுத்த துளிகளைக் கண்ணாடிச் சில்லில் வைத்துச் சோதிக்கிற வயதான டாக்டர் மரியம்மாள் அவரை நேரில் வரச்சொன்னார்.

"இந்தக் கட்டி எத்தினி வருஷமா இருக்குதுப்பா?"

"பதினோரு வருஷம்மா."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலியே."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேர்வை சுரக்கிற இடத்துலயும் ஒரு புற்று வரும். மைக்ரோஸ்கோப்புல பாத்தா மார்பகப் புற்று மாதிரியேதான் தெரியும். வேற எங்கயும் இல்ல, இத்தினி வருஷம் ஒரே இடத்துல இருந்துக்கினு இருக்குது. இது தோல்லயே பொறந்ததா இருக்கணும்."

ஒரு கைப்பிடிச் சதையை வெட்டியெடுத்தார்கள். ஆறியது. ஐந்து வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கொரு தரம் வந்து காட்டச் சொன்னார்கள். ஆனால் அவர் ஃபைலைப் பெண்கள் பிரிவிலிருந்து மாற்ற மூன்று கையெழுத்து வேண்டுமாம். யாரும் போடவில்லை. அவரும் அந்த பெஞ்சிலேயே போய் உட்கார்ந்தார்.

இரண்டாம் வருஷத்திலிருந்து பெண்கள் அவருக்கு இடம் பிடித்து வைத்தார்கள். புதிதாக வந்து அழுகிறவளை அவர் பக்கத்தில் உட்காரவைத்து, "அழாதம்மா, இவருக்கே சரியாயிடுச்சு" என்பார்கள். அவள் நாமத்தையும் மீசையையும் ஏற இறங்கப் பார்ப்பாள். அப்புறம் தன்னை மறந்து சிரித்துவிடுவாள்.