ஏழாம் நம்பர் கவுன்

பெங்களூர் ஃபிரேசர் டவுனில், சர்ச்சுக்கு எதிர்ச் சந்தில், கல்யாணக் கவுனும் கோட்டும் வாடகைக்கு விடும் கடை ஒன்று இருந்தது. 1997-இல் நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்குக் கோட்டு தேடிப் போனபோதுதான் பிரிஜெட் அறிமுகமானார். வாய் நிறையக் குண்டூசி. என்ன படிப்பு என்று கேட்டார், சொன்னேன்.

"பி.ஏ.வா? நிமிந்து நில்லுங்க சார், படிச்ச தோளு இப்டியா தொங்கும்?"

எங்கள் வம்சத்திலேயே நான்தான் முதல் பட்டதாரி. நிமிர்ந்துதான் நிற்க வேண்டியிருந்தது.

பிரிஜெட்டுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. பத்தொன்பது வருஷமாக அங்கே அதுதான் வேலை: ஒரே கவுனை ஒருத்திக்குப் பிடித்துத் தைப்பார், அடுத்தவளுக்குப் பிரித்து விடுவார். கவுன்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். எந்த நம்பர் எந்தக் கல்யாணத்துக்குப் போனது என்பது மாதா கோயிலுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். அதனால்தான் பிரிஜெட்டின் மகள் அன்னாவுக்குச் சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் அம்மா மார்கரெட், காபியைக் கீழே வைக்கும் முன்பே சொல்லிவிட்டார்: "வாடகை கவுன்ல எங்க வீட்டுக்கு எந்த மருமகளும் வந்ததில்ல."

புதிதாகத் தைப்பதாக வாக்குக் கொடுத்தார் பிரிஜெட். சாட்டினும் வாங்கியாயிற்று. ஆனால் அது மே மாதம், ஊரெல்லாம் கல்யாணம். அடுத்தவர் பெண்களின் இடுப்பைப் பிடித்து முடிக்கும்போது கண் எரியும், கழுத்து கல்லாகிவிடும். பன்னிரண்டு நாள்தான் பாக்கி. கவுனின் கை இரண்டு மட்டும்தான் தைத்திருந்தார்.

அந்த வாரம் மார்கரெட்டே கடைக்கு வந்தார். சுவரில் முதலாளி டெரிக் ஏலத்தில் எடுத்த பெரிய படம் மாட்டியிருந்தது. ரோஜா நிறப் பட்டுக் கவுனில் ஒரு சீமாட்டி, பவுடர் பூசிய உயரக் கொண்டை, மடியில் நாய்க்குட்டி, எதிரே மண்டியிட்டுக் கடிதம் நீட்டும் ஒருவன். இருநூறு வருஷத்துப் படம் என்று டெரிக் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

"இந்த மாதிரி தைங்க. ராணி மாதிரி இருக்கணும்" என்றார் மார்கரெட்.

களைப்பில் பிரிஜெட்டின் வாய் முந்திக்கொண்டது. "அதுவே வாடகை கவுன் மேடம்."

"என்னாது?"

"அக்குள்ல பாருங்க, மடிச்சுப் பிடிச்சிருக்கு. தோளு ஒரு இஞ்ச் எறங்குது. கீழ மடிப்புப் பிரிச்ச கோடு வெளுத்துத் தெரியுது. வேற யாருக்கோ தச்சது."

காலேஜ் நாடகத்துக்கு எடுத்த உடைகளைத் திருப்பித் தர வந்திருந்த டிராயிங் டீச்சர் வீணா சிரித்துவிட்டார். "ஆன்ட்டி சொல்றது கரெக்ட். இத வரைஞ்சவன் அந்தக் காலத்துல பொறக்கவே இல்ல. நூறு வருஷம் கழிச்சு, அந்தக் காலத்து மேல ஆசப்பட்டு, பழைய துணிய பெட்டில சேத்து வெச்சு, கூலிக்கு வர்ற பொண்ணுங்களுக்கு மாட்டி வரைவாங்க. அது ராணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மார்கரெட் சிரிக்கவில்லை. "அது படம். இது எங்க மானம்." போய்விட்டார்.

சாயங்காலம் அன்னா வந்து தைக்காத சாட்டினைப் பார்த்தாள், அம்மாவின் சிவந்த கண்ணைப் பார்த்தாள்.

"ஏழாம் நம்பர குடு மம்மி."

"போன மாசம் ஷோபா போட்டதுடி. கோயிலே கண்டுபிடிச்சிரும்."

"பிடிக்கட்டும்."

"உன் மாமியார்?"

"அவங்க ஏச்ச நான்தான கேக்கப் போறேன்? நீ ஏன் பேஜார் பண்ணிக்கிற?"

வேண்டாம் என்று சொல்லத்தான் பிரிஜெட் வாயைத் திறந்தார். சொல்லத் தெம்பில்லை. ஏழாம் நம்பரை இறக்கி மகளின் இடுப்பில் ஊசி குத்தினார். ஒன்றரை மணி நேர வேலை. வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தார். தூக்கம்தான் வந்தது.

கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது மார்கரெட் வரவில்லை. கால் வலி என்றார்கள். அப்புறம் மூன்று கிறிஸ்துமஸுக்கு பிரிஜெட்டை அந்த வீட்டில் கூப்பிடவில்லை. அன்னாதான் கேக் எடுத்துக்கொண்டு வந்து போனாள்.

2000-இல் டெரிக் கடையை மூடிவிட்டு மகனிடம் ஆஸ்திரேலியா போய்விட்டார். பிரிஜெட் அப்புறம் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில், நின்றுகொண்டே சட்டைக் காலர் செக் பண்ணும் வேலைக்குப் போனார்.