கிரீஸ் கன்னும் சந்தனமும்

காற்றில் இயங்கும் கிரீஸ் கன் நல்லதா, கையால் அழுத்தும் கிரீஸ் கன் நல்லதா?

இந்தக் கேள்விக்காக ஒரு குடும்பத்தில் பதினைந்து நாள் பேச்சு நின்றுபோகுமா? எங்கள் வீட்டில் நின்றது. போன வாரம்தான் சண்டை தீர்ந்தது – நான் தோற்றதால்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். எனக்கும் என் மச்சினன் சிவராஜுக்கும் கூட்டாக ஒரு நெல் அறுக்கும் இயந்திரம் இருக்கிறது. அவன் ஓட்டுவான், நான் யோசனை சொல்வேன். எந்தக் கூட்டுத் தொழிலுக்கும் யோசனை சொல்ல ஒருவர் வேண்டும் என்பது என் நம்பிக்கை. சிவராஜுக்கு அந்த நம்பிக்கை கிடையாது.

வண்டியில் பேரிங் இருக்கிற இடத்தில் எல்லாம் சின்னதாக ஒரு நிப்பிள் இருக்கும். அதன் வாயில் கன்னைப் பொருத்தி கிரீஸ் ஏற்ற வேண்டும். அறுவடை சீசனில் தினமும் காலையில் இது தவறக் கூடாது. சிவராஜ் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கை கன்னின் லிவரை 'கிறீச்... கிறீச்...' என்று அழுத்திக்கொண்டே இருப்பான். பார்க்கிற எனக்கே தோள் வலிக்கும்.

அதனால்தான் கோயம்புத்தூர் போனபோது ஒரு காற்று கன் வாங்கி வந்தேன். ஷெட்டில் ஏற்கெனவே கம்ப்ரசர் இருக்கிறது. ஹோஸை மாட்டி டிரிகரை அழுத்தினால் 'டக்டக்டக்'... ஒரு மணி நேர வேலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அவன் பாராட்டுவான் என்று நினைத்தேன்.

"வேகமெல்லாஞ் செரிதானுங் மாமா. கிரீஸு உள்ள போகுதா இல்லியான்னு எப்புடித் தெரியும்?" என்றான்.

"நெறஞ்சா வெளிய வழியும் மாப்ள. கண்ணு எதுக்கு இருக்குது?"

"கண்ணு ஏமாத்துமுங்க. அடைப்பிருந்தா கைக்கு உடனே தெரிஞ்சுருமுங்க."

கிணற்றுத் தவளை என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றிருக்கலாம்... வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. 'வண்டிக்கு டீசல் வேணும்' என்பதுகூட என் மனைவி வழியாகத்தான் எனக்கு வந்துசேரும்.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அது அறுவடை நடுவில்தான் வரும். எவ்வளவு அவசரம் இருந்தாலும் அன்று வண்டிக்கு லீவு. கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, ஒரு மாப்பிள்ளைக்குச் செய்கிறதெல்லாம் செய்வோம். சிவராஜ் வாழைக்கன்று வெட்டப் போயிருந்தபோது, சந்தனம் வைக்கிற வேலையை மனைவியிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். யோசனை மட்டும் சொல்கிறவன் என்ற கெட்ட பெயரைக் கொஞ்சம் குறைக்கலாமே!

பூஜை கழிந்து மறுநாள் காலை, எங்கள் ஊர் ருக்மணி அக்காவின் வயலுக்கு வண்டி போக வேண்டும். அக்காவின் கணவருக்குத் திருப்பூரில் வேலை. மூன்று ஏக்கரையும் அக்கா ஒருவராகவே பார்த்துக்கொள்கிறார். முந்தின மழையிலேயே பாதிப் பயிர் சாய்ந்துவிட்டது. இன்னொரு மழை பெய்தால் கதிர் வயலிலேயே முளைத்துவிடும். ஆறு மாதமாக அவர் பட்ட பாடு அத்தனையும் சேற்றோடு போய்விடும்.

அன்று காலை கிரீஸ் அடித்தது நான். காற்று கன்தான். முன்பக்கம், நெல்லை அறுத்து உள்ளே இழுக்கிற தண்டின் பேரிங்குக்கு அடித்தபோது, டிரிகரைத் தொட்டதுமே கிரீஸ் பக்கவாட்டில் வழிந்தது. நிறைந்துவிட்டது என்று திருப்தியாகத் துடைத்துவிட்டேன்.

மதியம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பாதி வயல் முடிந்தது. மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு கிறீச்சொலி, பின்னாலேயே தீய்ந்த வாசனை. சிவராஜ் இஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்தான்.

"பேரிங்கு காஞ்சு கெடக்குதுங் மாமா!"

பதினைந்து நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

என் காற்று கன் ஷெட்டில் இருந்தது. ஷெட் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அவ்வளவு நீளத்துக்கு ஹோஸ் யார் விற்கிறார்கள்? சிவராஜ் சீட்டுக்கு அடியில் கைவிட்டுப் பழைய கை கன்னை எடுத்தான். நிப்பிளில் பொருத்தி லிவரை அழுத்தினான். அசையவில்லை.

"போகமாட்டீங்குதுங்க. அடைச்சிருக்குது."

கிரீஸை வழித்துவிட்டுக் குனிந்து பார்த்தான். நானும் குனிந்தேன். நிப்பிளின் வாயை அடைத்துக்கொண்டு, கல் மாதிரி இறுகிப்போன சந்தனம்! முன்பக்கம் பார்வையாக இருக்கிறதே என்று அதற்கும் தாராளமாக ஒரு பொட்டு அப்பியிருக்கிறேன். காலையில் வழிந்த கிரீஸ், உள்ளே நிறைந்து வழிந்தது இல்லை. உள்ளே போக வழியில்லாமல் வழிந்தது.

"யாருங்க இதுக்குப் போயி சந்தனம் வெச்சது?" என்றான் சிவராஜ்.

நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் ரொம்ப சுவாரசியமாக இருந்தது.

வரப்பில் நின்றிருந்த ருக்மணி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தார். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினார்.

"நவுருங்க தம்பி" என்று என்னை ஒதுக்கிவிட்டு, நிப்பிளின் வாயை அவரே குத்திக் குத்திச் சுத்தம் செய்தார். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

சிவராஜ் மறுபடி லிவரை அழுத்தினான். மெதுவாக இறங்கியது.

"போகுதுங்க்கா!"

சூடு தணியும்வரை காத்திருந்து வண்டியைக் கிளப்பினோம். சத்தம் இல்லை. கடைசிச் சுற்று முடிந்து, டிரெய்லரில் நெல்லுக்கு மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டவும், முதல் சொட்டு என் தலையில் விழவும் சரியாக இருந்தது. அந்த மழையில் நான் நனைந்த மாதிரி சந்தோஷமாக யாரும் நனைந்திருக்க மாட்டார்கள்.

வீடு திரும்பும் வழியில் சிவராஜிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். திட்டுவான் என்று பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடியில இருக்கற நிப்பிளுக்கெல்லாம் உங்க காத்து கன்னே இருக்கட்டுங் மாமா, எனக்கும் முதுகு நோவுது. முன்னாடி பேரிங்குக்கு மட்டும் கையில அடிச்சுக்கறேன். எதுல அடிச்சாலும் மொதல்ல நிப்பிளத் தொடைக்கோணுமுங்க" என்றான். ஆக, எந்த கன் வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்கு, இதுதான் எங்கள் கம்பெனியின் அதிகாரபூர்வமான பதில்.

ஆனால் ருக்மணி அக்காவிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் போனேன். வெயில் வந்திருந்தது. வாசலில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தச் சந்தனம்... அத வெச்சது நான்தானுங்க."

அவர் கிளறுவதை நிறுத்தவில்லை.

"தெரியுமுங்க தம்பி. ஊக்கு நுனியில பளிச்சுனு மஞ்சளா வந்துதே. கிரீஸு புடிச்சு வேல செய்யற கை வெச்சிருந்தா சந்தனங் கறுத்தில்ல போயிருக்கும்?"