வயர் குத்தாத டிஸ்க்

ஏலக்காய் காயும் வாசனை. சீசன் முடிந்து, சக்குபள்ளத்தில் ஒரு ஏலக்காய் ஸ்டோரிலும் அடுப்பு எரியாத மாதங்களிலும், என் கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து அது கசிகிறது, பச்சையும் புகையும் கலந்து, ஈரம் விட்டுக்கொண்டே. பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிறவன் நான். நீங்களும் சிரிக்கப்போகிறீர்கள், தெரியும். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

நான் வீடியோக்காரன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கல்யாணத்துக்கு மாதிரியே சாவுக்கும் வீடியோ உண்டு. சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பமே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் மேரியக்காவின் கணவர் அந்தோணியண்ணன் எஸ்டேட் ஸ்டோரில் அடுப்பெரித்து ஏலக்காய் காய வைத்தவர். அவர் அடக்கத்துக்கு மகன் சவுதியிலிருந்து வர முடியவில்லை, முதலாளி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. பிறகு ஒருவழியாக ஊருக்கு வரவிருந்தான். அப்பாவின் கடைசி முகத்தை அவன் பார்க்க இருந்த ஒரே வழி என் பழைய கம்ப்யூட்டரிலிருந்த வீடியோ. அதன் ஹார்ட் டிஸ்க் டிக் டிக்கென்று தனக்குள்ளேயே முட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் வந்துவிட்டால் அதிக நாள் தாங்காது.

குமுளியில் நாலு டெராபைட் டிஸ்க் ஒன்று வாங்கிவந்தேன். மழை மதியம். மேரியக்கா நனைந்த குடையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பழைய பெட்டியில் கரண்டு வயர் போதாது, டிவிடி டிரைவின் வயரைப் பிடுங்கிப் புதுசுக்குக் குத்த வேண்டும். குத்தினேன் என்றுதான் நினைவு. மூடியைத் திருகிப் பூட்டி ஆன் செய்தால், திரையில் புது டிஸ்க்கைக் காணோம். கடைக்காரனுக்குப் போன் அடித்தேன்.

"பவர் குடுத்தீங்களா சேட்டா?"

தலை நரைக்கும்வரை இதே வேலை பார்த்தவனிடம் கேட்கிற கேள்வியா. நான் வாய் திறப்பதற்குள் டிஸ்க் திரைக்கு வந்துவிட்டது, ஆனால் இரண்டு டெராதான் காட்டியது. பாதியை ஏமாற்றிவிட்டாயே என்று கத்தினேன். பழைய மெஷினில் பழைய முறையில் பார்மேட் செய்தால் அவ்வளவுதான் தெரியும், முறையை மாற்றுங்கள் என்றான். மாற்றினேன், நாலும் தெரிந்தது. அப்படியும் சந்தேகம் போகவில்லை. ஓடித் தேய்ந்த டிஸ்க்குக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற காலம்.

காப்பி ஓட ஆரம்பித்தது. பச்சைக் கோடு பாதி தாண்டியபோது டிக் டிக் நின்றது. பழைய டிஸ்க் போய்ச் சேர்ந்துவிட்டது, வீடியோவும் அதோடு போச்சு என்று தலையில் கை வைத்தேன். நம்பினால் நம்புங்கள், கோடு மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த மேரியக்கா விரலை நிறுத்தி, "மெதுவா, மெதுவா" என்றார். என்னிடமா சொன்னார், தெரியாது.

கோடு நிறைந்தது. வீடியோவைத் திறந்தேன்; அந்தோணியண்ணன் முகம், கோட்டு சூட்டு போட்டு, கையில் சிலுவையோடு, ஒரு பிசிறு இல்லாமல். பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, செத்த டிஸ்க்கை எடுக்க மூடியைக் கழற்றினேன்.

டிவிடி வயர் டிவிடியிலேயே இருந்தது. புது டிஸ்க்கில் டேட்டா வயர் மட்டும். கரண்டு ஏறுகிற இடம் வெறும் வாயாகத் திறந்து கிடந்தது. முதலில் மேரியக்காவைச் சந்தேகப்பட்டேன். தண்ணீர் குடிக்க நான் உள்ளே போன நேரத்தில்? ஆனால் மூடியைக் கழற்றும்வரை திருகெல்லாம் நான் முறுக்கியபடியே இருந்தன. பிறகு என்னைச் சந்தேகப்பட்டேன், இன்றைக்கும் விடவில்லை. பழைய டிஸ்க் அதற்கப்புறம் எந்த மெஷினிலும் எழவில்லை. புதுசைத் தொட்டுப் பார்த்தேன். சூடு. அப்போதுதான் ஸ்டோரிலிருந்து இழுத்த ஏலக்காய்த் தட்டு மாதிரி, உள்ளங்கை பொறுக்கிற சூடு. அந்த வாசனையும் அப்போது வந்ததுதான்.

வயர் விஷயத்தை நான் அக்காவிடம் சொல்லவில்லை. பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார். வாசலில் குடையை விரித்தவர், திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, பாலில்லாம ஒரு கட்டன்சாயா போட்டு அந்தப் பெட்டி பக்கத்துல வைங்க. சீனி போட்டுறாதீங்க. அடுப்ப அணைச்சுட்டு வந்தா அவருக்கு அது வேணும்."